எரிபொருள் விலையும் குடும்பப் பரவலும்: சிங்காரப்பேட்டையை முன்வைத்து

எரிபொருள் விலைக்கும் மனிதர் குடியிருக்கும் இடத்துக்கும் உள்ள உறவை நகரியல் நூல்கள் சுருக்கமாகவே சொல்லிவிடுகின்றன: பெட்ரோல் விலை ஏறினால் மக்கள் வேலைக்கு அருகில் குடிபோவார்கள், இறங்கினால் தொலைவில் போய்த் தோட்டத்தோடு வீடு கட்டிக்கொள்வார்கள். வில்லியம் அலோன்சோ என்னும் அமெரிக்க அறிஞர் 1964இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு வளைகோடும் உண்டு. நகர மையத்தை விட்டு விலக விலகப் போக்குவரத்துச் செலவு கூடும், அது கூடக் கூட நில வாடகை குறையும், குடும்பமானது இவ்விரண்டையும் கூட்டிப் பார்த்துத் தனக்குக் கட்டுப்படியாகும் இடத்தில் அமரும் என்பது அதன் சாரம். குடும்பம் என்பது மொத்தமாக ஓரிடத்தில் அமரக்கூடியது என்ற நம்பிக்கையின் மேல் எழுப்பப்பட்ட இக்கோட்பாடு சிங்காரப்பேட்டையின் எல்லைக்குள் செல்லுபடியாவதில்லை. இங்கே பெட்ரோல் விலை ஏறினால் வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். வீட்டிலுள்ளவர்கள்தாம், சம்பாதிக்கும் திறனின் வரிசைப்படி, ஒவ்வொருவராக வெளியேறுவார்கள். வேறு பெயர் கிடைக்கும் வரை இதனைக் குடும்பப் பரவல் என்று குறிப்பிடலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தை ஒட்டி, கிருஷ்ணகிரியையும் திண்டிவனத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள இவ்வூரை, திருவண்ணாமலைக்கும் பெங்களூருக்கும் இடையே பேருந்தில் போய்வருவோர் அனைவரும் அறிவர். அறிந்தும் பெரும்பாலோர் இறங்கியதில்லை. அடுத்துள்ள செங்கம் கணவாயில் 1767இல் ஐதர் அலியின் படையோடு மோதி வென்ற ஆங்கிலேயக் கர்னல் ஸ்மித், வென்ற இடத்தில் தங்கப் போதிய உணவுப்பொருள் இல்லாமையால் திருவண்ணாமலைக்கு நகர நேர்ந்தது என்பது வரலாறு. எங்கே இருப்பது என்பதை வெற்றி தோல்வியைவிடச் செலவுக் கணக்கே தீர்மானிக்கும் வழக்கம் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. இவ்வூராரின் வேலையோ ஓசூரில் இருக்கிறது. அங்கே சிப்காட், அதாவது மாநில அரசு நிலம் எடுத்துத் தொழிற்சாலைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தொழிற்பேட்டை, வந்த பிறகு டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் நூறு கிலோமீட்டருக்கும் கூடுதலான தூரத்தில் எங்கேயாவது, சூளகிரியிலோ பர்கூரிலோ, குடியேறிவிடுமாறு அலோன்சோவின் கோடு பரிந்துரைக்கும். சொந்த வீடும் இல்லாமல் வேலையும் இல்லாமல் நடுவழியில் ஓர் ஊரில் குடியிருக்க, கோட்பாட்டைத் தவிர வேறு காரணம் ஏதேனும் இருப்பதாக இவ்வூரார் ஒப்புக்கொள்வதில்லை.

கணக்கு எளியது. லிட்டருக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் கொடுக்கும் இருசக்கர வண்டியில் ஓசூருக்குப் போய்வரச் சுமார் நான்கு லிட்டர் வேண்டும். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிய நிலையில், மாதத்தில் இருபத்தாறு நாளும் போய்வருபவர் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் புகையாக விடவேண்டும். வாரம் ஒருமுறை வந்துபோனால் ஆயிரத்து அறுநூறோடு முடிந்துவிடும். ஆகவே ஆறு நாள் ஓசூர், ஒரு நாள் சிங்காரப்பேட்டை என்ற வாழ்க்கை முறை உருவாயிற்று. இதில் நில அமைப்புக்கும் ஒரு பங்குண்டு: ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்க, கிருஷ்ணகிரி அதைவிட நூற்றுக்கணக்கான மீட்டர் தாழ்ந்து கிடப்பதால், சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வருவது இறக்கமாகவும் திங்கட்கிழமை விடியலில் வேலைக்குப் போவது ஏற்றமாகவும் அமைந்துவிட்டன. எஞ்சினை அணைத்துவிட்டுச் சரிவில் உருள விடும் உத்தி, பாதுகாப்பற்றது என்று எல்லாரும் சொல்லியும், சூளகிரி இறக்கத்தில் இன்றும் பெரும் கல்வித் தகுதியுடையோராலும் கைக்கொள்ளப்படுகிறது.

ஆறு நாள் ஓசூர் வாழ்க்கை நடைபெறும் இடம் பேச்சிலர் ரூம் எனப்படும். திருமணமாகாதோர் தங்கும் அறை என்று பொருள் கொள்வது பிழை. மணமாகி இரண்டு பிள்ளைகளும் உள்ளவர்கள், மனைவியின்றித் தங்குமிடம் என்பதே வழக்கிலுள்ள பொருள். பெங்களூரிலிருந்து எல்லை தாண்டி வந்த அட்வான்ஸ் பழக்கத்தால், அதாவது பல மாத வாடகையை முன்கூட்டியே வட்டியில்லாக் கடனாக வீட்டுக்காரருக்குக் கொடுத்துவைக்கும் முறையால், ஓர் அறையை நான்கு பேர், ஆறு பேர் என்று பங்கிட்டுக்கொள்கிறார்கள். முதல் ஷிப்டுக்காரர் எழுந்ததும் மூன்றாம் ஷிப்டுக்காரர் அதே பாயில் படுப்பதால் பாய் குளிர்வதே இல்லை. இருவரும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே அறைவாசிகள். ஆயினும் ஒருவரையொருவர் முழு விழிப்புநிலையில் பார்த்துக்கொள்வது ஆயுதபூசை அன்றுதான்.

பெட்ரோல் பங்க்கில் நிகழும் சடங்குகள் தனிக் கவனத்துக்கு உரியவை. இவ்வட்டாரத்தில் பெட்ரோலை லிட்டர் கணக்கில் கேட்போர் அரிது. பணக் கணக்கிலேயே கேட்கப்படுகிறது. நூறு, இருநூறு என்று முழு எண்ணாகக் கேட்டால் இயந்திரம் அதற்கேற்பக் குறைத்து ஊற்றும்படி ஏற்கெனவே பழக்கப்படுத்தப்பட்டுள்ளது என்ற நம்பிக்கை வேரூன்றியிருப்பதால், விவரமறிந்தோர் நூற்றுப்பத்து, இருநூற்றுப்பத்து என்று கேட்டு இயந்திரத்தைத் திகைக்க வைக்கின்றனர். ஊழியர் “ஜீரோ பாத்துக்குங்கண்ணா” என்று சொல்ல, வண்டிக்காரர் ஜீரோவைப் பார்க்க, பார்த்த கண் மீட்டரை விட்டு விலகாமலே சட்டைப் பையில் பணத்தைத் துழாவ, ஊற்றி முடித்த பின்னும் குழாயின் நுனியில் தொங்கும் இரண்டு சொட்டுக்காக “கொஞ்சம் ஒதறுண்ணா” என்ற கோரிக்கை எழுகிறது. வழியில் வண்டி நின்றுவிட்டால் முதலில் மூடியைத் திறந்து காதை வைத்து டேங்க்கை ஆட்டிக் கேட்பதும், பிறகு வண்டியை ஒருபக்கமாகப் படுக்க வைத்து, அடியில் ஒதுங்கியிருக்கும் மிச்சத்தை எஞ்சினுக்கு வரவழைப்பதும் முறையான வரிசையாகும். படுத்து எழுந்த வண்டி பெரும்பாலும் அடுத்த பங்க் வரை போய்விடுகிறது. எந்தத் தொழிற்சாலையின் கையேட்டிலும் இது குறிப்பிடப்படவில்லை, அத்தொழிற்சாலை ஓசூரிலேயே இருந்தும்.

எல்லைப்புறத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்ரோலும் டீசலும் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் கொண்டுவரப்படாமையால், ஒன்றிய அரசின் கலால் வரிக்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி விற்பனை வரி போடுகிறது. எனவே ஒரே சாலையில் ஒரு கல்லைத் தாண்டினால் விலை மாறும். 2021 நவம்பரில் ஒன்றிய அரசு வரியைக் குறைத்ததை ஒட்டிக் கர்நாடகமும் தன் பங்குக்கு லிட்டருக்கு ஏழு ரூபாய் குறைத்தது. 2022 மே மாதத்து இன்னொரு குறைப்புக்குப் பின் சென்னையில் டீசல் 94.24 ரூபாய்க்கும் பெங்களூரில் 87.89 ரூபாய்க்கும் நெடுநாள் விற்றது. முந்நூறு லிட்டர் பிடிக்கும் லாரிக்கு இவ்வேறுபாடு 1,900 ரூபாய் ஆகும். காவிரி நீர்ப் பிரச்சினையில் எவ்வளவு உறுதியான நிலைப்பாடு கொண்ட ஓட்டுநரும் எல்லையிலுள்ள ஜுஜுவாடியைத் தாண்டிக் கர்நாடகத்து அத்திப்பள்ளியில் டேங்க்கை நிரப்பியதை வரலாறு மன்னிக்கும். 2024 ஜூன் மாதம் கர்நாடகம் விற்பனை வரியை ஏற்ற, பெட்ரோல் அங்கே சென்னையைவிட விலை கூடிவிட்டது; டீசல் மட்டும் மலிவாகவே நீடித்தது. ஆகவே ஓசூர்க் குடும்பம் ஒன்றில் மகனின் பைக் தமிழ்நாட்டு வரி செலுத்துவதாகவும் தகப்பனின் வேன் கர்நாடகத்துக்குச் செலுத்துவதாகவும் பிரிந்துபோனதில் வியப்பில்லை. பெண்களின் நிலை இதைவிட நுட்பமானது: தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை, கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் அம்மாநிலப் பெண்களுக்குக் கட்டணமில்லை; ஓசூரில் குடியிருந்து பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் தமிழ்ப் பெண், வீட்டுக்கு அருகே அரசின் விருந்தாளியாகவும் எல்லைக்கு அப்பால் சீட்டு வாங்கும் குடிமகளாகவும் ஒரே காலையில் இருந்துவிடுகிறார்.

சிங்காரப்பேட்டையில் இந்தக் கட்டணமில்லாப் பயணம் இல்லறத்தின் அதிகார அமைப்பையே மாற்றியிருக்கிறது. ஊத்தங்கரைக்குக் கணவர் வண்டியில் போய்வந்தால் பெட்ரோல் செலவு, மனைவி டவுன் பஸ்ஸில் போய்வந்தால் செலவு ஏதுமில்லை என்ற நிலையில், வங்கி, தாலுகா ஆபீஸ், உரக்கடை, நகைக்கடன் புதுப்பித்தல் ஆகிய வெளியுறவுத் துறை முழுவதும் மனைவியிடம் போய்ச் சேர்ந்தது. கணவர் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவிடுவதோடு சரி.

ஆயினும் எங்கே வாழ்வது என்பதை முடிவு செய்வதில் பெட்ரோலைவிட, பேருந்தைவிட, வலிமை பெற்றது கம்பெனி பஸ்ஸே. ஆலைகள் தம் தொழிலாளரை ஏற்றிவர, விடியாத நேரத்தில் மாவட்டத்தின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் அனுப்பும் இப்பேருந்துகளின் டீசல் செலவு முதலாளியைச் சேர்ந்தது. ஆகவே அலோன்சோ சொன்ன மையம் ஓசூரில் இல்லை, கம்பெனி பஸ் நிற்கும் புளியமரத்தடியில் இருக்கிறது. மரத்துக்கு அருகிலுள்ள வீட்டுக்கு வாடகை கூடுகிறது. ஊருக்குள் தள்ளியிருக்கும் பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது. பெண் பார்க்க வரும் இடத்தில் முன்பு கிணற்றில் தண்ணீர் உண்டா என்று கேட்ட பெரியவர்கள், இப்போது “கம்பெனி பஸ்ஸு உங்க ஊருக்குள்ள வருதுங்களா?” என்று கேட்கிறார்கள். வராது என்றால் காபியோடு பேச்சு முடிந்துவிடும்.

1973இல் எண்ணெய் நெருக்கடியால் விலை ஏறியபோது, வாஜ்பாய் மாட்டுவண்டியில் நாடாளுமன்றத்துக்குப் போய் எதிர்ப்புத் தெரிவித்தார். இன்று அவ்வழியில் போராட நினைக்கும் சிங்காரப்பேட்டைக்காரர் முதலில் வண்டிமாட்டைத் தேடிப் பிடிக்கவேண்டும். அதைத் தேடிச் செல்லப் பெட்ரோல் வேண்டும். இலங்கையில் 2022 நெருக்கடியின்போது கியூஆர் குறியீடு காட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லிட்டர் என்று அரசு அளந்து கொடுத்தது. அந்த நான்கு லிட்டர், மேலே கண்டவாறு, ஓசூருக்கு ஒருமுறை போய்வரும் அளவுதான். அரசு ஆணை ஏதும் இல்லாமலே சிங்காரப்பேட்டை தன்னைத்தானே அதே பங்கீட்டுக்குள் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன.

உறவுமுறையிலும் பங்கீடு வந்துவிட்டது. மொய், அதாவது விசேஷ வீட்டில் எழுதிவைத்துப் பின்னாளில் திரும்பப் பெறும் அன்பளிப்பு, முன்பு உறவின் நெருக்கத்தைப் பொறுத்தது. இப்போது உறவின் தூரத்தைப் பொறுத்ததாகி, முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பங்காளிகள் மொய்யை ஃபோனிலேயே அனுப்பிவிடுகிறார்கள். நேரில் போவதாக இருந்தால் ஒரே வழியில் ஒரு கல்யாணமும் ஒரு கருமாதியும் அமையுமாறு பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டிலும் ஒரே முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருப்பது மட்டுமே இதிலுள்ள சிரமம்.

இந்நிலையில்தான் மின்சார ஸ்கூட்டர் வந்து சேர்ந்தது. அதுவும் வெகுதூரத்திலிருந்து அன்று, ஏதர் ஓசூரிலும் ஓலா இதே மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலும் ஆலை அமைத்தன. அவ்வண்டிகளைச் செய்யும் தொழிலாளர்கள் டீசல் பேருந்தில் வேலைக்குப் போகிறார்கள் என்பதை யாரும் முரணாகக் கருதுவதில்லை. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம்; ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்ற மூன்று யூனிட் அளவில் ஆகிறதென்றால் முப்பது முறை ஏற்றினாலும் தொண்ணூறு யூனிட்தான். ஆனால் அந்த நூறை மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஏற்கெனவே தின்றுவிடுவதால், ஸ்கூட்டருக்கென்று இன்னொரு நூறு வேண்டியிருக்கிறது. அதற்கு இன்னொரு மின் இணைப்பு வேண்டும். அதற்கு இன்னொரு வீடு வேண்டும். இதனால் மாடி கட்டுவோர் இப்போது வெளிப்படி வைத்துக் கட்டுகிறார்கள். பெட்ரோலால் ஆறு நாள் பிரிந்திருந்த குடும்பம் மின்சாரத்துக்காக ஏழாம் நாளும் காகிதத்தில் பிரிந்து, கீழ்வீட்டு மின் அட்டையில் தகப்பன் பெயரும் மேல்வீட்டு மின் அட்டையில் மகன் பெயரும் ஏறுகின்றன. சமையல் மட்டும் கீழே ஒரே அடுப்பில் நடப்பதால், மின்வாரியத்தார் பார்வையிட வருவதாகச் செய்தி கிடைத்தால் மாடியிலும் ஓர் அடுப்பைப் பற்றவைத்துப் பாலாவது காய்ச்ச வேண்டியிருக்கிறது. அந்த அடுப்பின் சிலிண்டர் செலவை ஸ்கூட்டர் கணக்கில் எழுதுவதா, வீட்டுக் கணக்கில் எழுதுவதா என்பதில் தகப்பனுக்கும் மகனுக்கும் இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை.