ஒருமுறைதான் கேட்பார்கள்!

கேள்வி: கோபன்ஹேகனில் வேலைக்குப் போன என் மகன், 11.30 மணிக்கே மதியச் சாப்பாடு, அதுவும் ஆறிப்போன ரொட்டி என்கிறான். சோறு தின்று வளர்ந்த பிள்ளை தாங்குவானா?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: தாராளமாகத் தாங்குவார். பிரெஞ்சு நீள ரொட்டி மணக்கும் புதுவைப் பிள்ளை ரொட்டிக்கு அஞ்சலாமா? அவர் சாப்பிடுவது ரை தானிய மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட கறுத்த ரொட்டி. இரண்டு துண்டிலேயே வயிறு நிறைந்துவிடும். வெண்ணெய் தடவி, ஊறவைத்த ஹெர்ரிங் மீன், இறால், முட்டை, ஈரல் விழுது என்று மேலே அடுக்குவார்கள். விருந்தென்றால் மீன் முதலில், இறைச்சி பிறகு, பாலாடைக்கட்டி கடைசியில். சைவத்துக்கு உருளைக்கிழங்கு வில்லை உண்டு. சூடான சாப்பாடு ராத்திரி வீட்டாரோடுதான். வாரம் 37 மணி நேர வேலை என்பது அங்கே பரவலான வழக்கம். பிள்ளைகளை அழைத்துவர நாலு மணிக்கே பலர் கிளம்பிவிடுவார்கள். மதியத்தைச் சுருக்கி மாலையை மிச்சம் பிடிக்கிறார்கள். குளிர்காலத்தில் அங்கே மாலை 4 மணி என்றால் நமக்கு இரவு 8.30. மகன் போனுக்குக் காத்திருங்கள்.

கேள்வி: டேனிஷ் சக ஊழியர் வீட்டு விருந்தில், "இன்னும் கொஞ்சம்?" என்றார்கள். மரியாதைக்குப் "போதும்" என்றேன். அதோடு விட்டுவிட்டார்கள்! உபசாரம் தெரியாதவர்களா?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: உங்கள் சொல்லை நம்பியவர்கள். நம் வீட்டில் முதல் "போதும்" கணக்கில் வராது. இலையைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் பாயசம் இறங்கும். அங்கே ஒரு "போதும்" சொன்னால் தீர்ந்தது. தன் பசி அவரவருக்குத் தெரியும் என்று விடுவதுதான் அவர்கள் காட்டும் மரியாதை. பாத்திரம் கைமாறி வரும்போது கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்திருக்கும்போது சமைத்தவரிடம் "தக் ஃபோர் மாத்" என்று நன்றி சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளும் சொல்வார்கள். மறுபடி சந்திக்கும்போது அன்றைய விருந்துக்கு இன்னொரு நன்றி: "தக் ஃபோர் சிஸ்ட்". "ஸ்கோல்" என்று கோப்பை தூக்கினால் எதிரில் இருப்பவர் கண்ணைப் பாருங்கள். உங்கள் கோப்பையில் தண்ணீர் இருந்தாலும் குறையில்லை.

கேள்வி: பிறந்தநாள் என்னுடையது, கேக்கும் நானே கொண்டுபோக வேண்டுமாம். இது என்ன நியாயம்?
– ஆர்ஹூஸில் வேலை பார்க்கும் நெல்லித்தோப்பு வாசகி

பதில்: பள்ளிக்கூடத்தில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுத்தீர்களே, அதே நியாயம்தான்! உங்கள் மேசையில் சின்ன டேனிஷ் கொடி நிற்கலாம். அவர்களுக்கு அது பிறந்தநாள் அலங்காரம். பல அலுவலகங்களில் வெள்ளிக்கிழமைக் காலை ரொட்டிக்கும் முறை வைத்திருப்பார்கள். மேலாளருக்கும் முறை வரும். அவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கேக்கோடு ஏலக்காய் போட்ட கேசரியும் கொண்டுபோங்கள். அவர்களுடைய பலகாரங்களிலும் ஏலக்காய் உண்டு; வாசனையிலேயே உறவு கொண்டாடுவார்கள். முந்திரி சேர்த்திருந்தால், ஒவ்வாமை உள்ளவர்களுக்காக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அங்கேயும் கறி உண்டாமே? கிறிஸ்துமஸ் விருந்தில் பாயசம் வேறாமே?
– வாசகர், உப்பளம்

பதில்: இரண்டும் உண்டு. 'போலர் இ கறி' என்பது மஞ்சள் குழம்பில் பன்றி இறைச்சி உருண்டைகள், கூடவே சோறு. அதில் மிளகாயைத் தேடாதீர்கள். அவர்களில் பலருக்கு அது அம்மா கைச்சமையல்; அந்த மரியாதையோடு சாப்பிடுங்கள். கிறிஸ்துமஸ் இரவில் பாலில் வெந்த அரிசியோடு கிரீமும் பாதாம் நறுக்கும் கலந்து, ஆறவைத்து, செர்ரி சாறு ஊற்றித் தருவார்கள். அதில் ஒரே ஒரு முழுப் பாதாம் ஒளிந்திருக்கும். கிடைத்தவருக்குப் பரிசு. கிடைத்ததும் கத்தக்கூடாது, கன்னத்தில் அடக்கிக்கொண்டு, மற்றவர்கள் பாத்திரத்தைக் காலி செய்யும்வரை முகம் மாறாமல் இருக்க வேண்டும். ஜனவரியில் பிரெஞ்சுக்காரர் கேக்குக்குள் சின்னப் பொம்மையை ஒளித்துவைப்பதை அறிந்த புதுவைக்காரருக்கு இந்த விளையாட்டு புதிதல்ல.

கேள்வி: டேனிஷ் நண்பர்கள் புதுவைக்கு வருகிறார்கள். என்ன சமைக்கலாம், எங்கே அழைத்துப் போகலாம்?
– வாசகர், முதலியார்பேட்டை

பதில்: வடகம் தாளித்த மீன் குழம்பு வையுங்கள், காரத்தைப் பாதியாக்குங்கள். மறுநாள் கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போங்கள். மிளகு வியாபாரத்துக்காக வந்த டேனிஷ்காரருக்குத் தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-இல் இடம் கொடுத்த ஊர் அது. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அவர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்; டான்ஸ்போர்க் கோட்டை நிற்கிறது. நண்பர்கள் வரும் முன் வீட்டில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: விருந்தாளியை ஒருமுறைதான் கேட்பது, "போதும்" என்றால் நிறுத்துவது. வற்புறுத்துவது நம் அன்பு, நம்புவது அவர்கள் அன்பு. இரண்டையும் தெரிந்துகொண்ட வீட்டில் எந்த நாட்டு விருந்தாளியும் நிம்மதியாகச் சாப்பிடுவார்.