எதிர்க்காற்றில் சைக்கிள் உழக்குதல்: பரந்தன் – பூநகரி வீதியை முன்வைத்து ஓர் ஆய்வு

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வன்னியில் சோளகம் அடிக்கும் என்பது யாவரும் அறிந்தது. அது சைக்கிள்காரனின் முகத்தில்தான் அடிக்கும் என்பது இதுவரை எவராலும் முறைப்படி ஆராயப்படாதது. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம், பரந்தனில் இருந்து மேற்கே பூநகரிக்குப் போகும் வீதி. குஞ்சுப்பரந்தன் தாண்டினால் வெளிதான். ஆங்காங்கே நிற்கும் பனைகளும் காற்றின் கட்சியிலேயே நின்று தலையாட்டுகின்றன. 2011 சனவரியில் திறக்கப்பட்ட, 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலத்தை இவ்வாய்வில் சேர்க்கவில்லை. அங்கே காற்று பக்கவாட்டில் வந்து ஆளைக் கடலேரிப் பக்கம் தள்ளும். அது வேறு துறை.

முதலில் கணக்கு. காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் உழக்கும் ஒருவர், 20 கிலோமீற்றர் போய்த் திரும்ப 2 மணி 40 நிமிடம் எடுப்பார். எதிர்க்காற்றில் அவருடைய வேகம் 10 ஆகக் குறைகிறது, திரும்பும்போது அதே காற்றுத் தள்ளி 20 ஆகிறது என்று வைப்போம். போக 2 மணி, வர 1 மணி. மொத்தம் 3 மணி. ஆகவே, "போகேக்கை எடுக்கிறதை வரேக்கை தரும்" என்று தேநீர்க்கடைகளில் நிலவும் கோட்பாடு பிழை. காற்று 20 நிமிடம் வட்டி எடுத்துக்கொண்டுதான் விடுகிறது. எதிர்ப்படும் காற்றின் வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும் என்பது பௌதிகம். சாறத்தை மடித்துக் கட்டாதவர்களுக்கு ஐந்து மடங்கு என்பது என் ஊகம்.

இதைச் சமாளிப்பதில் இரு மரபுகள் உண்டு. இலகு மரபினர் லாண்ட்மாஸ்டர் வரும் வரை வீதியோரம் நின்று, "அண்ணை, ஒருக்காப் பிடிக்கட்டே?" என்று கேட்டு, மறுமொழி வருமுன்னரே பெட்டியின் பின்பலகையைப் பிடித்துவிடுபவர்கள். தூசு, வைக்கோல், அண்ணையின் ஏச்சு மூன்றையும் வாங்கிக்கொண்டு ஊர்போய்ச் சேருகிறார்கள். கடின மரபினர் குனிந்த தலை நிமிராமல் உழக்குபவர்கள். பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் மனவுறுதிக்கு உதாரணமாகக் காட்டப்படுபவர்கள் இவர்களே. ஆய்வில் அப்படித் தெரியவில்லை. பரந்தன்காரர் காலையில் மூச்சுவாங்கப் பூநகரி போய், பின்னேரம் காற்றோடு மிதந்து வருகிறார். கஷ்டத்தை முதலில் முடித்த உத்தமர் எனப்படுகிறார். பூநகரிக்காரர் அதே வீதியில் காலையில் சுகமாக வந்து, பின்னேரம் அரிசி மூட்டையைக் கரியரில் கட்டிக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்டுகிறார். கஷ்டத்தைத் தள்ளிப்போட்ட சோம்பேறி எனப்படுகிறார். இருவருக்கும் உள்ள வித்தியாசம் வீட்டு விலாசம் மட்டுமே. மார்கழியில் வாடை வீசத் தொடங்க, உத்தமரும் சோம்பேறியும் இடம் மாறிக்கொள்கிறார்கள்.

இலகு வழியே இல்லாதிருந்த காலமும் உண்டு. தொண்ணூறுகளில் வன்னிக்கு எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது, பிடிப்பதற்கு லாண்ட்மாஸ்டர் கிடைப்பதே அருமை. விறகு, நெல், நோயாளி எல்லாமே சைக்கிளில்தான் போயின. இரவில் டைனமோவும் சில்லை அழுத்த, காற்றுக்கு ஒரு கூட்டாளி சேர்ந்தது. வீட்டிலே சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, அதே டைனமோவில் வானொலி கேட்டார்கள். அங்கே எதிர்க்காற்று இல்லை, செய்தி இருந்தது. பிறகு 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, கோடிக்குள் கிடந்த சைக்கிள்கள் மறுபடி வீதிக்கு வந்தன. மோட்டார் சைக்கிளில் வளர்ந்த தலைமுறை சோளகத்தை அப்போதுதான் நேரில் சந்தித்தது.

மூன்றாவது மரபு ஒன்றும் கவனத்துக்குரியது: இருவராகப் புறப்பட்டு, ஒருவர் முதுகுக்குப் பின்னால் மற்றவர் ஒளிந்து போவது. பெரிய பந்தயக்காரரும் இதையே செய்கிறார்கள். பின்னால் வருபவருக்குக் கால்வலி குறையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் முன்னால் போகிறவர் கதைப்பதெல்லாம், காணித் தகராறு தொடங்கி மருமகனின் குணம் வரை, காற்றோடு சேர்ந்து ஒரு சொல்லும் சிந்தாமல் நம் காதுக்கு வந்துவிடும். நாம் சொல்லும் மறுமொழி அவரை எட்டாது. அது பரந்தனுக்குத் திரும்பிப் போய்விடும்.