தன் பீரங்கியால் கண்ணிழந்த கப்பல்

1941 மே 23 மாலை, டென்மார்க் நீரிணை. பெயரைப் பார்த்து டென்மார்க்கில் தேட வேண்டாம். இது கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே இருக்கிறது. ஹிட்லரின் செல்லப்பிள்ளையான பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பல், யார் கண்ணிலும் படாமல் அட்லாண்டிக்குக்குள் நழுவப் பார்த்தது. முழு பாரத்தோடு சுமார் 50,000 டன் எடை, 38 செ.மீ. வாயுள்ள பீரங்கிகள் எட்டு, ஒரு குண்டு மட்டும் 800 கிலோ. இவ்வளவையும் சுமந்துகொண்டு நழுவுவது சாமானியம் அல்ல. நார்ஃபோக் என்ற பிரிட்டிஷ் குரூசர் மூடுபனியை விட்டு அசந்தாற்போல் வெளியே வந்து, நேரே அதன் முகத்தில் முழித்தது.

பிஸ்மார்க் சுட்டது. ஒரு குண்டும் நார்ஃபோக்கின் மேல் விழவில்லை. நார்ஃபோக் புகையைக் கக்கிக்கொண்டு மறுபடி பனிக்குள் ஓடி ஒளிந்தது. இந்தக் களேபரத்தில் உருப்படியாக அடிபட்டது ஒன்றே ஒன்றுதான்: பிஸ்மார்க்கின் சொந்த ரேடார். பீரங்கி வெடித்த அதிர்ச்சியில் முன்பக்கக் கருவி செயலிழந்தது. எதிரியின் குண்டைத் தாங்குமா என்று ஜெர்மானியர்கள் யோசித்திருப்பார்கள். பக்கத்திலேயே குடியிருக்கும் நம் பீரங்கியைத் தாங்குமா என்று யாரும் உரக்கக் கேட்கவில்லை போலிருக்கிறது.

ஜெர்மன் கப்பல்களை வழிநடத்திய அட்மிரல் லுட்யென்ஸ், கண் தெரிந்த துணைக் கப்பலான பிரின்ஸ் ஆய்கனை முன்னால் போகச் சொன்னார். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே சாயல். மறுநாள் விடியற்காலையில் வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹூட், முன்னால் போவதுதான் பிஸ்மார்க் என்று நினைத்து பிரின்ஸ் ஆய்கனைக் குறிவைத்தது. லுட்யென்ஸ் செய்த தந்திரம் இல்லை இது. பழுதான கருவி செய்து கொடுத்த உபகாரம். சில நிமிடங்களில் ஹூட் வெடித்தது. அதிலிருந்த 1,418 பேரில் பிழைத்தவர்கள் மூன்றே பேர்.

பழுதான அந்த ரேடாருக்குத் திரும்புவோம். அதன் அலையின் நீளம் சுமார் 80 செ.மீ. அந்த அலையைக் கருவியிலிருந்து ஆன்டெனாவுக்குக் கேபிளில்தான் கொண்டுபோக முடியும். வேவ்கைடு என்னும் உள்ளீடற்ற உலோகக் குழாய் வழியே அலை போக வேண்டுமானால், குழாயின் அகலம் அலைநீளத்தில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். அதாவது 40 செ.மீ.க்கு மேல். அப்படி ஒரு குழாயைக் கப்பலுக்குள் இழுத்தால் மாலுமிகளை வெளியே படுக்க வைக்க வேண்டியதுதான். 1940 பிப்ரவரியில் பர்மிங்ஹாமில் ராண்டல், பூட் என்ற இரு இயற்பியலாளர்கள், குறுகிய அலையை உண்டாக்கும் கேவிட்டி மேக்னட்ரானை இயக்கிக் காட்டிய பிறகு 10 செ.மீ. அலை கைவசமானது; கைக்கடக்கமான குழாயே போதும் என்றானது. இந்தக் குழாயின் முன்னோடிகளில் ஒருவர் நம்மவர்: ஜகதீஷ் சந்திர போஸ் 1890களிலேயே கல்கத்தாவில் இப்படிக் குழாய் வழியே அலையை அனுப்பிக் காட்டிவிட்டார். உலகம் வழக்கம்போல் தலையாட்டிவிட்டு மறந்தது.

குழாய் சின்னதானாலும் அதன் குணம் லேசானது அல்ல. வீட்டுத் தண்ணீர்க் குழாய் நசுங்கினால் தண்ணீர் கொஞ்சம் குறைவாக வரும், அவ்வளவுதான். வேவ்கைடு நசுங்கினால் அலை முட்டித் திரும்பி, அனுப்பிய மேக்னட்ரானையே போய் அறையும். அதிர்வெண் தடுமாறும், உள்ளே தீப்பொறி பறக்கும். ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பது அது விழுந்த இடத்தைப் பொறுத்தது. அகலமான முகத்தின் நட்டநடுவே நீளவாக்கில் மெல்லிய கீறல் விழுந்தால் அலை கண்டுகொள்ளாமல் போய்விடும், ஏனென்றால் அந்தக் கீறல் சுவரில் ஓடும் மின்னோட்டத்தை வெட்டுவதில்லை. அதே கீறல் குறுக்காக விழுந்தால் குழாயே ஆன்டெனாவாகி வழியெங்கும் ஒலிபரப்பும். எதிரிப் பீரங்கிக்காரரிடம் நீளவாக்கில் சுடும்படி விண்ணப்பிக்க வழியில்லை என்பதுதான் பொறியாளரின் துக்கம். உப்புத் தண்ணீர் புகுந்தால் கதை முடிந்தது. அதனால் உலர்ந்த காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள், துண்டு துண்டாகக் கழற்றி மாட்டும்படி இணைக்கிறார்கள், முடிந்தால் இரண்டாவது வழியும் போடுகிறார்கள். குழாயே வேண்டாமென்று கருவியை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில், பாய்மரத்து உச்சியில் வைக்கலாம். பாய்மரம் விழுந்தால் எல்லாம் சேர்ந்து விழும்.

நார்ஃபோக்குக்கு வருவோம். 1943 டிசம்பர் 26, நார்வேயின் வடமுனைக்கு அப்பால், பனிப்புயல், இருட்டு. இந்த முறை நார்ஃபோக் சுட்ட குண்டு ஷார்ன்ஹார்ஸ்ட் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் முன்பக்க ரேடாரைத் தகர்த்தது. பிஸ்மார்க் தனக்குத்தானே செய்துகொண்ட வேலையை ஷார்ன்ஹார்ஸ்டுக்கு இரண்டரை வருடம் கழித்து நார்ஃபோக்கே வந்து செய்து கொடுத்தது. மத்தியானம் பதிலடி விழுந்தது. மற்ற பிரிட்டிஷ் குரூசர்களிடம் பளிச்சிடாத வெடிமருந்து இருந்தது, நார்ஃபோக்கிடம் இல்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் “இதோ இருக்கிறேன்” என்று விளக்கேற்றிக் காட்டியது. போயிற்று: ஒரு பீரங்கி மேடை, கூடவே ரேடாரில் பெரும்பகுதி.

முன்பக்கம் குருடான ஷார்ன்ஹார்ஸ்ட், பிரிட்டிஷ் போர்க்கப்பல் டியூக் ஆஃப் யார்க் நெருங்குவதை அறியவே இல்லை. வெளிச்சக் குண்டு தலைக்கு மேல் வெடித்தபோது அதன் பீரங்கிகள் எதிரி இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. இரவு எட்டு மணிக்குள் மூழ்கியது. 1,968 பேரில் 36 பேர் மிஞ்சினார்கள்.

அந்தச் சண்டையின் நடுவே ஷார்ன்ஹார்ஸ்டின் குண்டு ஒன்று டியூக் ஆஃப் யார்க்கின் பாய்மரத்தைத் துளைத்து, வெடிக்காமலே போனது. தேடும் ரேடார் நின்றது. லெப்டினன்ட் பேட்ஸ் என்பவர் அந்தக் காற்றில், இருட்டில், பாய்மரத்தில் ஏறிச் சரிசெய்தார். அறுந்த கம்பிகளைக் கையாலேயே சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று கதை பரவி, அவருக்கு ‘வெறுங்கை பேட்ஸ்’ என்று பட்டம் வந்தது. ஓடுகிற ரேடாரின் மின்கம்பியை வெறுங்கையால் பிடித்த மனிதர், பட்டம் வாங்கக் கீழே இறங்கி வந்திருக்க மாட்டார். இந்தச் சின்ன விஷயத்தைக் கதை பரப்பியவர்கள் யாரும் எந்த எலக்ட்ரீஷியனிடமும் கேட்கவில்லை.