நூறு சிலிண்டர் கேட்டால் ஐம்பது தருவார்கள்

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. நேரு வந்தார், காமராஜ் இருந்தார், சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் நிறைவேறியது. இனி இந்த நாட்டில் எதுவும் தானாக நடக்காது, எல்லாமே திட்டம் போட்டுத்தான் நடக்கும் என்பது அதன் பொருள். எவ்வளவு எஃகு, எவ்வளவு சிமென்ட், எத்தனை சைக்கிள் என்று கணக்குப் போட ஆள் வேண்டுமே? மஹலனோபிஸ் இருந்தார். கல்கத்தாவில் அவருடைய புள்ளியியல் நிறுவனத்துக்கு ஏறக்குறைய அதே சமயத்தில் பிரிட்டனிலிருந்து ஒரு கணினி கப்பலேறி வந்தது. அதன் நினைவகம் ஒரு சுழலும் உருளை. அதில் 1024 சொற்கள் எழுதலாம். நாட்டின் ஜனத்தொகை 1951 கணக்கெடுப்பின்படி 36 கோடி.

இடம் போதவில்லை என்ற இந்தியப் புலம்பலுக்கு ஆவடியையே பிறந்த ஊராக வைத்துக்கொள்ளலாம். சரித்திர ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் யாரும் ராத்திரி ஷிப்ட் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டு, 1956 செப்டம்பரில், ஐ.பி.எம். உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை விற்பனைக்கு விட்டது. பெயர் ராமாக். நம்மூர் ராமர் இல்லை. 24 அங்குலத் தட்டுகள் 50, ஒன்றின் மேல் ஒன்றாக. எடை ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. இதைவிடப் பெரிதாகச் செய்ய எஞ்சினியர்கள் தயாராக இருந்தார்களாம். இவ்வளவு இடத்தை எந்தப் பைத்தியக்காரன் வாங்குவான் என்று விற்பனைப் பிரிவுதான் தடுத்ததாம். கதை நிஜமோ பொய்யோ, நம்பும்படி இருக்கிறது. போதும் என்று சொல்பவர் எப்போதும் அந்த இடத்தை உபயோகிக்கப்போகாத ஆள்தான்.

1964-ல் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. ஏப்ரல் 7 அன்று ஐ.பி.எம். சிஸ்டம் 360-ஐ அறிவித்தது. அதே ஆண்டு அம்பத்தூரில் தொழிற்பேட்டை தொடங்கியது. ஒன்றை ஒன்று கேள்விப்பட்டதே கிடையாது. அம்பத்தூரில் லேத் ஓடியது, போல்ட் நட்டு செய்தார்கள், மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். அமெரிக்காவில் 360-க்குப் பக்கத்தில் 2311 என்ற டிஸ்க் டிரைவை வைத்தார்கள். மேலே மூடியைத் திறந்து தட்டுக்கட்டை உள்ளே இறக்க வேண்டும். ஒரு கட்டு ஏழேகால் எம்.பி.

இங்கேதான் புரோகிராமருக்குக் கஞ்சத்தனம் தொற்றியது. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பத்து லட்சம் பாலிசி, ஒவ்வொன்றிலும் ஆறு தேதி என்று வையுங்கள். ஆண்டில் '19' என்ற முதல் இரண்டு இலக்கத்தை வெட்டினால் 12 எம்.பி. மிச்சம். அன்றைக்கு அது ஒன்றரைக் கட்டுக்கு மேல். வெட்டியவனைத் தட்டிக்கொடுத்து சம்பளம் உயர்த்தியிருப்பார்கள். 2000-ஆம் ஆண்டு வந்தால் என்ன செய்வது என்று எவனாவது கேட்டிருந்தால், அதற்குள் நாம் ரிட்டயர் ஆகிவிடுவோம் என்று பதில் வந்திருக்கும். ஆனார்கள், நல்ல பென்ஷனோடு.

நம் பக்கம் மெயின்பிரேம் மெதுவாகத்தான் வந்தது. 1973-ல் மேற்கு ஜெர்மனியின் உபயத்தில் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 வந்தது. இந்தியக் கணினி அறைகளின் ஆகம விதி அந்தக் காலத்தில் உருவானதுதான்: செருப்பை வெளியே கழற்று, உள்ளே குளிரில் நடுங்கு, கையால் எதையும் தொடாதே, பிரசாதமாக ஒரு கற்றை காகிதம் வாங்கிக்கொண்டு போ. டிஸ்க்கைப் படிக்கும் தலை தட்டைத் தொடாமல் முடியிழையைவிடக் குறுகிய இடைவெளியில் மிதக்க வேண்டும், நடுவில் ஒரு தூசு போனாலும் டிஸ்க் காலி என்பது அறிவியல் காரணம். அதிகாரிக்கு ஏ.சி. வேண்டும் என்பது நிர்வாகக் காரணம்.

கூடுதலாக ஒரு டிஸ்க் வேண்டுமானால் லைசென்ஸ், அந்நியச் செலாவணி, டில்லிக்கு ஒரு கோப்பு. அது திரும்பி வருவதற்குள் கேட்டவருக்கு மாற்றல் வந்துவிடும். பிறகு அந்நியக் கம்பெனிகள் பங்கைக் குறைக்க வேண்டும் என்று அரசு சொல்ல, கோககோலா போன வழியில் 1978-ல் ஐ.பி.எம்மும் மூட்டை கட்டியது. இயந்திரங்கள் மட்டும் இங்கேயே தங்கின. அவற்றைப் பழுது பார்க்கும் வேலை அரசின் கணினிப் பராமரிப்பு நிறுவனமான சி.எம்.சி. தலையில் விழுந்தது. உலகம் அடுத்த டிஸ்க்குக்குப் போக, நாம் இருப்பதை ஒட்டுப்போட்டு ஓட்டினோம்.

1989-ல் வந்தது ஐ.பி.எம்மின் 3390 டிஸ்க். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அது சாகாவரம் பெற்றது. அதன் ஒரு டிராக்கில் 56,664 பைட். 15 டிராக் சேர்ந்தால் ஒரு சிலிண்டர். மூன்றாம் மாடலில் 3,339 சிலிண்டர், மொத்தம் 2.8 ஜி.பி. இதில் இடம் பிடிப்பது தி. நகரில் கார் நிறுத்துவது மாதிரி. வண்டியின் நீளத்தைவிட வண்டிகளுக்கு நடுவில் விடும் இடைவெளிதான் தெருவைச் சாப்பிடும்.

80 எழுத்து ரெக்கார்டை ஒவ்வொன்றாக எழுதினால் ஒரு டிராக்கில் 78 தான் பிடிக்கும். 56,664 பைட் இடத்தில் 6,240 பைட் சரக்கு, மீதி எல்லாம் இடைவெளி. அதே ரெக்கார்டுகளை 349 சேர்த்து ஒரே கட்டாக எழுதினால் ஒரு டிராக்கில் இரண்டு கட்டு, 698 ரெக்கார்டு. ஒரே டிஸ்க், ஒரே டேட்டா, ஒன்பது மடங்கு வித்தியாசம். புதிதாகச் சேர்ந்த பையன், கட்டின் அளவைக் கேட்கும் பிளாக் சைஸ் என்ற இடத்தில் 80 என்று எழுதிவிட்டுப் போவான். டிஸ்க் நிரம்பிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று மேலதிகாரி கோப்பு அனுப்புவார். கடைசியில் ஐ.பி.எம்மே மனமிரங்கி, அங்கே பூஜ்யம் என்று எழுதுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றது. யோசித்து எழுதிய 80-ஐவிட யோசிக்காமல் எழுதிய 0 மேல் என்று ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டது.

தொண்ணூறுகளின் பின்பாதியில் வெட்டிப்போட்ட '19' பழிவாங்க வந்தது. அமெரிக்காவுக்குக் காய்ச்சல், சென்னைக்கு யோகம். பி.எஸ்சி. இயற்பியல், பி.காம்., சிவில் எஞ்சினியரிங் என்று பேதமில்லாமல் எல்லாரும் கோபோல் படித்தார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் 12 எம்.பி. மிச்சம் பிடித்த புண்ணியவான்களால் மேற்கு மாம்பலத்திலும் அம்பத்தூரிலும் வீட்டுக் கடன் அடைந்தது. அந்த 12 எம்.பி. அன்றைய 3390 மூன்றாம் மாடலில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை.

அதற்குப் பிறகுதான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்தன. வெளியே கிரீஸ் வாசனை, உள்ளே லண்டன் இன்ஷூரன்ஸ். லண்டனில் இரவு ஒன்பது மணிக்கு மாதக் கடைசி பேட்ச் தொடங்கினால் இங்கே மணி இரண்டரை. பூந்தமல்லியிலோ ஆவடியிலோ தூங்கிக்கொண்டிருக்கும், டேட்டாபேஸைக் கட்டிக்காக்கும் டி.பி.ஏ.வின் போன் அடிக்கும்.

"சார், ஜாப் அபெண்ட் ஆயிடுச்சு."

"என்ன கோடு?"

"பி37 சார்."

பி37 என்றால் இடம் தீர்ந்தது. கேட்காமலே சொல்லிவிடலாம், மாதக் கடைசியில் வேறு எதுவும் வராது. ஜாப்புக்கான ஜே.சி.எல்.லில் 100 சிலிண்டர், போதாவிட்டால் இன்னும் 10 என்று எழுதியிருக்கும். ஒரு வால்யூமில், அதாவது ஒரு டிஸ்க்கில், ஒரு கோப்புக்கு 16 துண்டுக்கு மேல் தரமாட்டேன் என்பது இயந்திரத்தின் சட்டம். ஆக முதலில் 100, அப்புறம் பதினைந்து தடவை பத்துப் பத்தாக 150. ஆகமொத்தம் 250. இருநூற்று ஐம்பத்தொன்றாவது சிலிண்டர் கேட்டால் உயிரை விட்டுவிடும்.

"அந்தப் பத்தை நூறாக்கி ரீஸ்டார்ட் பண்ணுப்பா."

"பண்ணிட்டேன் சார். வால்யூம்லயே இடம் இல்லயாம்."

போனில் ஒரு நீண்ட மூச்சு கேட்கும். பிறகு அவர் எழுந்து, யாரோ 2003-ல் பேக்கப் எடுத்து அழிக்க மறந்த கோப்பைத் தேடிக் கண்டுபிடித்து, அழிக்கலாமா கூடாதா என்று கேட்க ஆள் இல்லாமல், குலதெய்வத்தை நினைத்து அழிப்பார். விடியும்போது பேட்ச் முடிந்துவிடும். லண்டனில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

காலையில் மீட்டிங். டி.பி.ஏ. தாளோடு வருவார். ஒரு கோடி வரி, வரிக்கு 200 பைட். டி.பி.2 டேட்டாபேஸின் 4 கே பக்கத்தில் தலைப்புச் செலவையும் பத்து சதவீதக் காலி இடத்தையும் கழித்தால் 17 வரி. அப்படியானால் 5,88,236 பக்கம். சிலிண்டருக்கு 180 பக்கம் வீதம் 3,268 சிலிண்டர். ஒரு முழு 3390. இண்டெக்ஸ் இன்னும் கணக்கில் வரவில்லை. டேட்டாவை மறுபடி அடுக்கும் ரீ-ஆர்க் ஓடும்போது பழையதன் பக்கத்திலேயே புதிய நகல் எழுத இன்னொரு பங்கு வேண்டும். வரிசைப்படுத்த, பேக்கப் எடுக்க இன்னும் கொஞ்சம்.

"மூணு வால்யூம் வேணும் சார்."

"டேட்டா ஒரு வால்யூம்தானேப்பா? ரெண்டு காலியா கிடக்கும்னு நீயே சொல்றியே."

"ரீ-ஆர்க் அப்போ தேவைப்படும் சார்."

"எப்பவோ தேவைப்படறதுக்கு இப்பவே எதுக்கு? ஒன்றரை வெச்சுக்கோ."

காலி இடத்துக்காகத் திட்டு வாங்குவது டி.பி.ஏ. மட்டும் இல்லை. செம்பரம்பாக்கம் ஏரி பூந்தமல்லிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் விளிம்பு வரை நிரப்பாமல் இரண்டு அடி விட்டுவைத்தால், குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது இரண்டு அடியை வீணாக்கினார்கள் என்று திட்டுவோம். நிரப்பி வைத்திருந்து, 2015 டிசம்பர் 1 அன்று நடந்ததுபோல விநாடிக்கு 29,000 கன அடி திறக்க நேர்ந்தால், ஏன் நிரப்பினார்கள் என்று திட்டுவோம். 2019 கோடையில் அதே ஏரி வறண்டு கிடந்தது, அதற்கும் திட்டினோம். ஏரி எஞ்சினியரையும் டி.பி.ஏ.வையும் ஒரே ராசியில்தான் பிரம்மா படைத்திருக்கிறார்.

ஆனால் டி.பி.ஏ.வும் அப்பாவி இல்லை. ஒன்றரைதான் வரும் என்று தெரிந்த அடுத்த வருஷம் அவர் ஆறு கேட்டார். ஆறு கேட்பார் என்று தெரிந்த மேனேஜர் கால்வாசி கொடுத்தார். ஆண்டுக்கு எத்தனை சதவீத வளர்ச்சி, எத்தனை மாதத்துக்கு முன்னால் ஆர்டர் போடுவது என்றெல்லாம் புத்தகங்களில் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கிறது. நடைமுறையில் கெபாசிட்டி பிளானிங் என்பது அந்தக் காலக் கொத்தவால் சாவடியில் கத்திரிக்காய் வாங்கும் கலை. இரண்டு பக்கமும் பொய் சொல்லும், இரண்டு பக்கத்துக்கும் தெரியும், கடைசியில் ஒரு விலை படியும். அந்த விலைக்கும் தேவைக்கும் சம்பந்தமே இருக்காது.

3390-க்கு வருவோம். அந்த டிரைவை ஐ.பி.எம். செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. மெயின்பிரேம்களில் இன்று இருப்பது பெரும்பாலும் பிளாஷ். சுற்றுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் புதிய பெட்டிகள் எல்லாம் இன்றைக்கும் 3390 வேஷம் போடுகின்றன. டிராக்குக்கு அதே 56,664 பைட், சிலிண்டருக்கு அதே 15 டிராக். இல்லாத தட்டின் இல்லாத டிராக்கில், இல்லாத இடைவெளியை விட்டு எழுதியதாகக் கணக்கு. பழைய புரோகிராம்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது அல்லவா? ரொம்ப நாள்வரை ஒரு வால்யூமுக்கு 65,520 சிலிண்டர்தான் உச்சவரம்பு, சுமார் 55 ஜி.பி. பிறகு தளர்த்தினார்கள். இன்று ரிச்சி தெருவில் அதைவிடப் பெரிய பென் டிரைவைத் தட்டுக்கடையில் குவித்து வைத்து விற்கிறார்கள்.

அம்பத்தூரும் நிற்கவில்லை. 2023-ல் என்.டி.டி. அங்கே டேட்டா சென்டர் வளாகம் திறந்தது. 2024 ஜனவரியில் ஜியோ, புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்ட்டி சேர்ந்து இன்னொன்று; முழுதாக வளர்ந்தால் 100 மெகாவாட் என்றார்கள். கவனியுங்கள், மெகாவாட். எத்தனை சிலிண்டர், எத்தனை ஜி.பி. என்ற பேச்சே போய்விட்டது, எவ்வளவு கரன்ட் குடிக்கும் என்பதுதான் இப்போது கொள்ளளவு. 2012-ல் தமிழ்நாடே மின்வெட்டில் விசிறிக்கொண்டிருந்தபோது அம்பத்தூர் பட்டறைக்காரரிடம் இதைச் சொல்லியிருந்தால் ஸ்பேனரைத் தூக்கி எறிந்திருப்பார்.

மேனேஜர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த வாரம் ஒரு டி.பி.ஏ. தாளோடு வந்து மூன்று வால்யூம் கேட்டால், பேரம் பேசாமல் மூன்றையும் கொடுத்துவிடுங்கள் சார். அதிர்ச்சியில் மறு வருஷம் உண்மையான கணக்கைக் கொண்டுவந்தாலும் வருவார்.