கதவடித் துரு: வீரபாண்டிக் களத்திலிருந்து ஓர் ஆய்வு

இரும்பைப் பற்றி நொய்யல் கரைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொடுமணலில் சங்க காலத்தவர் இரும்பு உருக்கிய உலைகளை அகழாய்வுகள் வெளிக்கொணர்ந்திருக்கின்றன. அதே ஆற்றின் மேற்புறத்தில், திருப்பூரை ஒட்டிய வீரபாண்டியில், நம் ஆய்வு மாதிரி நிற்கிறது: வெள்ளை மாருதி 800. முன்கதவின் அடியில் பெயிண்ட் கொப்புளித்திருக்கிறது. உருக்குவதில் தொடங்கிய ஆராய்ச்சி இரண்டாயிரம் ஆண்டுகளில் உதிர்வது வரை முன்னேறிவிட்டது.

1983-இல் வந்த 800-இன் உற்பத்தி 2014-இல் நின்றது. இனி எல்லா 800-ம் முதியோர் பிரிவுதான்.

துருவுக்குக் காரணம் சாயப்பட்டறை உப்பு என்பது டீக்கடைப் பள்ளியின் கொள்கை. அதைச் சட்டென்று ஒதுக்க முடியாது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம்கூடப் போடுவார்கள். கடல்நீரிலேயே சுமார் 35 கிராம்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கும் இந்த உப்புக் கழிவு முக்கியக் காரணம். ஆனால் உப்பு போனது ஆற்றுக்கு. கார்க் கதவுக்குள் அல்ல. உப்பு இருந்தால் துரு வேகமாகப் பிடிக்கும், உண்மை. இல்லாவிட்டால் பிடிக்காது என்று எந்த விதியும் இல்லை. தண்ணீரும் காற்றும் போதும்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? கண்ணாடி இறங்கும் ரப்பர் வழியாகத்தான். ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் இறங்கும். அது வெளியேறுவதற்கென்றே கதவின் அடியில் சிறு ஓட்டைகள் உண்டு. இங்கேதான் இக்கட்டுரையின் கருதுகோள் பிறக்கிறது: பனியன் ஊரில் பறக்கும் பஞ்சுத் தூசி மண்ணோடு சேர்ந்து அந்த ஓட்டைகளை அடைக்கிறது. ஒரு டிங்கரிங் பட்டறையில் ஸ்குரூ டிரைவர் முனையால் ஓட்டையைக் குத்தியபோது முதலில் விழுந்தது கறுத்த பஞ்சு உருண்டை, பிறகு தண்ணீர், அதன்பின் கதவின் ஒரு பகுதி.

கதவு உள்ளிருந்து அரிபடுகிறது, வைத்தியமோ வெளியில் நடக்கிறது. "ஏனுங்ண்ணா, பட்டி வெச்சு மூடிரலாமுங்களா?" என்பார் உரிமையாளர். மூடலாம். துருவின் மேல் வைத்த பட்டி ஈரத்தை இழுத்து, பின்னால் துருவைப் பத்திரமாக வளர்க்கும். இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும் என்பதால், ஒருநாள் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். பழைய கார் வாங்குவோர் காந்தத்தோடு அலைவது இதனால்தான். தகரத்தில் ஒட்டும் காந்தம், கனத்த பட்டியில் ஒட்டாது.

முறையான வைத்தியத்துக்குக் கல்நெஞ்சம் தேவை. பளபளக்கும் நல்ல தகரம் தெரியும்வரை வெட்டி, ஒட்டுப் போட்டு, வெல்டிங் வைக்க வேண்டும். மிச்சமிருக்கும் லேசான துருவில் பாஸ்பாரிக் அமிலம் தடவினால் அது இரும்பு பாஸ்பேட்டாக மாறும். டெல்லி இரும்புத் தூணைச் சுமார் 1,600 ஆண்டுகளாகக் காப்பதும் பாஸ்பேட் படலமே என்று கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கியிருக்கிறார். அடுத்தது ரெட் ஆக்சைடு. அதற்குச் சிவப்பு தருவதும் இரும்பு ஆக்சைடுதான், துருவின் பங்காளி! அதற்குப் பிறகே பட்டி, வாட்டர் பேப்பர், பெயிண்ட்.

பலர் மறப்பது ஒட்டின் உட்புறம். வெல்டிங் சூட்டில் அங்கே பெயிண்ட் கருகியிருக்கும். மெழுகுக் கலவையை உள்ளே பீய்ச்சாமல் விட்டால் அடுத்த துரு அங்கிருந்தே கிளம்பும். பீய்ச்சும்போது ஓட்டைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்வது தனி வித்தை.

மாதிரிக் கார் பெயிண்ட் மினுமினுக்கப் பட்டறையை விட்டுப் போனது. முதல் மழைக்கே உரிமையாளர் திரும்பி வந்துவிட்டார்.

"ஏனுங், இத்தன செலவு பண்ணியும் கதவுல தண்ணி ஒழுகுதுங்களே?"

"ஒழுகோணுமுங்க."