டிராகன் தோல் எந்த செலக்‌ஷன்?

வார்கிராஃப்ட் 3 என்ற கணினி விளையாட்டு 2002-இல் வந்தது. அன்றிலிருந்து அதை ஆடுகிறவர்கள் உலகம் முழுக்க ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மனிதர் படை பலமா, ஆர்க் கூட்டம் பலமா, நைட் எல்ஃப்களுக்கு மட்டும் ஏன் இத்தனை சலுகை, அன்டெட் இனத்தை ஜெயிக்கவே முடியாதா என்றெல்லாம் வாதம் நடக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் தொழில் நடக்கும் எங்கள் பக்கம் இந்த வாதம் எதுவும் எடுபடாது. இங்கே திரையை யார் எட்டிப் பார்த்தாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல தோல் ஷாப் எங்கே இருக்கு?"

இல்லை. அதுதான் பிரச்சினை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து பார்க்கும் ஒரு நிலம். அதில் தங்கச் சுரங்கம், காடு, கொஞ்சம் வேலையாட்கள். சுரங்கத்தில் தங்கம் எடுத்து, மரம் வெட்டி, கட்டடம் கட்டி, படை திரட்டி எதிரியை அடிக்க வேண்டும். நீங்கள் யோசிக்கும் நேரத்தில் எதிரி காத்திருக்க மாட்டான். அவனும் கட்டிக்கொண்டேதான் இருப்பான். வாளும் வில்லும் கோட்டையும் இருப்பதால் இடைக்காலம். மந்திரமும் டிராகனும் இருப்பதால் மாயக்கதை.

என் அக்கா வீட்டில் இந்த விளையாட்டு வந்து சேர்ந்தது அரசு கொடுத்த லேப்டாப்பின் புண்ணியத்தில். 2011-இல் தொடங்கிய திட்டம். படிக்கக் கொடுத்ததுதான். ஆனால் 128 எம்பி ரேம் இருந்தாலே ஓடிவிடும் விளையாட்டை ஒரு பென் டிரைவில் யாரோ கொண்டுவந்து கொடுத்தால் பிள்ளைகள்தான் என்ன செய்யும்? அக்கா மகன் ஆட உட்காருவான். பின்னால் நாற்காலி போட்டு என் பெரிய மாமா உட்காருவார். அங்கேதான் விமரிசனம் ஆரம்பம்.

மாமா தோல் தரம் பிரிக்கும் 'செலக்‌ஷன்' வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்றாகிவிட்டது, விரலுக்கு மட்டும் ஓய்வில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெல்ட்டைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "க்ரஸ்ட்லயே அடிபட்ட தோலு, மேல பெயின்ட் அடிச்சு தள்ளிட்டான்" என்று சொல்லிவிடுவார். பெல்ட்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவார். கல்யாண வீட்டு வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளை அவர் பார்க்கும் பார்வையைப் பார்த்து, திருட வந்தவர் என்று ஒருமுறை நினைத்துவிட்டார்கள்.

மனிதர் படையில் துப்பாக்கி பிடித்த குள்ளர்களுக்கும், பறக்கும் கிரிஃபன்மேல் உட்கார்ந்து வருபவர்களுக்கும் தோல் கவசம்தான். முதலில் குமிழ் வைத்த தோல், அடுத்தது வலுவூட்டிய தோல், கடைசியில் டிராகன் தோல். மூன்றையும் செய்வது எங்கே தெரியுமா? கொல்லன் பட்டறையில்.

மாமா நாற்காலியை முன்னால் இழுத்தார். "கொல்லன் துருத்திக்கு நம்மகிட்ட தோல் வாங்குவான். அவன் எப்படிடா தோல் பண்ணுவான்?"

"தாத்தா, அது கேமு."

"கேம்னா? சுண்ணாம்புக் குழி எங்கே? முடி எடுக்கறது யாரு? சதை எடுக்கறது யாரு? டிரம் எங்கே சுத்துது?"

தோல் கவசத்துக்குத் தங்கத்தோடு மரமும் விலையாகக் கொடுக்க வேண்டும் என்று பையன் சொன்னபோதுதான் மாமா சற்று இறங்கி வந்தார். மரம் என்றால் பட்டை. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட காலம் அவருடைய அப்பா காலம். "அப்ப இவனுங்க பட்டை போடறவனுங்க. பரவால்ல, பழைய முறைதான்" என்று ஏற்றுக்கொண்டார். ஆனால் வாரக்கணக்கில் குழியில் ஊற வேண்டிய தோல் ஓரிரு நிமிஷத்தில் தயாராகிவிட்டதாக மணியடித்ததும் மறுபடி முகம் சுருங்கிவிட்டது. "உள்ள வேகாத தோலு. ரெண்டு மழை பார்த்தா விறைச்சுக்கும்."

டிராகன் விஷயம் அதைவிட மோசம். காட்டோரம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு டிராகனைப் பத்துப் பன்னிரண்டு குள்ளர்களை நிறுத்திச் சுட்டுத் தள்ளினான் பையன். டிராகன் விழுந்தது. ஒரு மந்திரப் பொருள் கீழே கிடந்தது. பையன் அதை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

மாமா பதறிவிட்டார். "டேய், தோலை உரிக்கல! உப்புப் போடாம விட்டா சாயங்காலத்துக்குள்ள கெட்டுடும்டா!" பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சடலத்தை உற்றுப் பார்த்தார். "போனா போவுது விடு. மொத்தம் குண்டு ஓட்டை. முதுகுல மட்டுமே அத்தனை இருக்கு, அங்கதானே நல்ல தோலு. மூணாவது செலக்‌ஷன்லகூட எடுக்க மாட்டான்."

வேறு எந்த ஊர் விமரிசகரும் இந்தக் கோணத்தில் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. டிராகன் தோல் கவசம் வேண்டுமென்றால் டிராகனைச் சுடக் கூடாது. எளிய உண்மை. விளையாட்டைச் செய்த அத்தனை பெரிய நிறுவனத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆர்க் படையில் கோடோ என்று ஒரு மிருகம் வரும். காண்டாமிருகமும் டைனோசரும் கலந்த உருவம், முதுகில் முரசு. எதிரி வீரனை அப்படியே விழுங்கிவிடும். பையனுக்கு அது பயங்கர ஆயுதம். மாமாவோ வாயில் கணக்குப் போட்டார். ஆட்டுத் தோல் நாலைந்து சதுர அடி தேறும். இது ஐம்பதுக்குக் குறையாது. ஆனால் முரசு கட்டிய இடத்தில் உராய்ந்திருக்கும், அதைக் கழிக்கணும். சூனியக்காரி ஒருத்தி மந்திரம் போட்டு எதிரிகளை ஆடாக மாற்றியபோது மட்டும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். சரக்குக்குத் தட்டுப்பாடே இல்லாத ஒரு உலகத்தை அவர் அந்த நிமிஷம் பார்த்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஆடு மறுபடி ஆர்க் ஆகிவிட்டது. "இதை நம்பி ஆர்டர் எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

வார்கிராஃப்டின் பங்காளியான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஒன்றும் உத்தமம் இல்லை. 1999-இல் வந்தது. அதில் ஆடு உண்டு. ஒரு ஆட்டுக்கு 100 உணவு. கறி வண்டி வண்டியாகப் போகும், தோல் அங்கேயே கிடந்து அழுகும். அங்கும் வில்லாளிகளின் தோல் கவசம் கொல்லன் பட்டறையில்தான். விலை 150 உணவு, 150 தங்கம். மரமே கிடையாது. "பட்டை இல்லைன்னா குரோம் போடறான்னு அர்த்தம்" என்றார் மாமா. குரோம் பதனிடல் வந்ததே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் என்று நான் இழுத்தேன். "அதான் சொல்றேன், பொய்க்கணக்கு." 2022-இல் அந்த விளையாட்டில் திராவிடர்கள் என்று ஒரு இனத்தையே சேர்த்தார்கள். சுருள்வாள் வீரர்கள், ராஜேந்திர சோழன் கதை, எல்லாம் உண்டு. தோல் ஷாப்? கிடையாது.

எங்கள் தெருவில் ஒரு பாய் சின்னதாக டேனரி நடத்தியவர். அவருக்குத் தோலில் ஆர்வமில்லை, முப்பது வருஷம் பார்த்து அலுத்துவிட்டது. அவர் கவனித்தது வரவு செலவு. வார்கிராஃப்டில் படையின் உணவுக் கணக்கு 50 வரை போனால் தங்கம் முழுசாகக் கைக்கு வரும். 51 ஆனதும் பத்துக்கு ஏழுதான். 80-ஐத் தாண்டினால் பத்துக்கு நாலு. ஆட்டக்காரர்கள் உலகம் முழுக்கத் திட்டித் தீர்த்த விதி இது. பாய் மட்டும் மெய்சிலிர்த்துப்போனார். "பத்து பேரை வச்சா ஃபேக்டரி ஆக்ட், ஈஎஸ்ஐ. இருபது ஆனா பிஎஃப். அதனாலதான் நம்மூர்ல பாதிப் பேர் பத்தொன்பதுலயே நிக்கறான். இதைப் பண்ணவன் அமெரிக்காக்காரன் இல்லப்பா, இங்க ஏதாச்சும் லேபர் ஆபீஸ்ல குப்பை கொட்டியிருக்கான்."

அன்டெட் இனத்தைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து உண்டு. அவர்கள் கட்டடம் எழுப்பினால் சுற்றிலும் மண் கருத்துப் பாழாகிவிடும். அந்தப் பாழ் மண்மேல்தான் அடுத்த கட்டடத்தையே எழுப்ப முடியும். பாய் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவனுங்களுக்கு 96 தீர்ப்பு இன்னும் போய்ச் சேரல" என்றார். 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. பாலாற்றைக் கெடுத்தவர்களே ஈடு கொடுக்க வேண்டும், ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம், கழிவுநீரைச் சுத்திகரிக்காவிட்டால் பூட்டு. பூட்டுப் போடப்பட்ட பக்கம் நின்றவர் இவர். அன்டெட் கூட்டத்தை அவர் பார்த்த பார்வையில் கண்டிப்பைவிடப் பொறாமைதான் அதிகம் என்று எனக்குப் பட்டது. ஒரு இன்ஸ்பெக்டர்கூட வருவதில்லையே!

விளையாட்டில் உணவு உச்சவரம்பு 100. இது குறைவு என்று எங்கள் ஊரில் எல்லாக் கட்சியும் ஒருமனதாகச் சொல்லும். நூறு பேர் என்பது கல்யாணத்தில் முதல் பந்திக்கு உட்காராமல் நிற்கிறவர்கள்.

காட்பாடிப் பக்கம் கல்லூரிப் பையன்களைக் கேட்டால் வார்கிராஃப்டா, அது டோட்டாவுக்குள் இருக்கிற ஏதோ ஒன்று என்பார்கள். உண்மை தலைகீழ். ரசிகர்கள் இந்த விளையாட்டுக்குள்ளேயே உருவாக்கிய ஒரு வரைபடம்தான் டோட்டா. பிள்ளை அப்பனைவிடப் பெரிதாகி, 2013-இல் டோட்டா 2 என்று தனிக்குடித்தனமே போய்விட்டது. அதில் சுரங்கமும் இல்லை, வேலையாளும் இல்லை, கட்டடம் கட்டவும் வேண்டாம். பக்கத்துக்கு ஐந்து பேர் நின்று அடித்துக்கொள்வார்கள். முதலாளி வர்க்கம் அதை விளையாட்டாகவே ஒப்புக்கொள்ளவில்லை.

2020 ஜனவரியில் பழைய வார்கிராஃப்ட் 3-க்குப் பாலிஷ் போட்டு, ரீஃபோர்ஜ்டு என்று விட்டார்கள். மெட்டாகிரிட்டிக்கில் ஆட்டக்காரர்கள் கொடுத்த சராசரி பத்துக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருப்பவன் என்ற முறையில் இதற்கு என் கருத்தைச் சொல்லலாம். 2018-இல் மேடையில் காட்டியது ஒரு சாம்பிள். ஷிப்மென்ட்டில் வந்தது வேறு சரக்கு. எங்கள் தொழிலில் இதற்கு விளக்கம், விவாதம், மனஸ்தாபம் எதுவும் கிடையாது. பையர் சாம்பிளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார். அவர்களும் கடைசியில் பணத்தைத் திருப்பித்தான் கொடுத்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் எல்லாம் குமுறினார்கள். பென் டிரைவில் வைத்திருந்தவர்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. இதில் நியாயம் இல்லைதான்.

நிஜக் கோட்டை பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் பையன்களுக்கு வரலாறும் விளையாட்டும் கலந்துபோகும். 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நடந்த சண்டையில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் யானைமேலேயே குண்டடிபட்டு இறந்தார். "ஹீரோவை முன்னாடி அனுப்பினா இப்படித்தான்" என்பது அவர்கள் தீர்ப்பு. செத்த ஹீரோவைப் பீடத்தில் வைத்து எழுப்பும் வசதி விளையாட்டில் உண்டு. கர்நாடகப் போரில் இல்லை.

எனக்குப் பிடித்தது வேலூர். குள்ளர்களுக்குத் தோல் கவசம் வாங்கப் பொத்தானை அமுக்கினால், ஒருத்தன் பாக்கியில்லாமல் வாயை மூடிக்கொண்டு மாட்டிக்கொள்வான். வேலூர்க் கோட்டையில் அப்படி நடக்கவில்லை. சிப்பாய்கள் தலைப்பாகையை விட்டுவிட்டு, தோல் குஞ்சம் வைத்த புதுத் தொப்பி போட வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி சொன்னது. 1806 ஜூலை 10 விடிவதற்குள் கோட்டையே கைமாறிவிட்டது. தோல் அப்கிரேடை எதிர்த்துப் படையே எழுந்த ஊர் இது. கோட்டைக்கு வெளியே இருந்த ஒரு அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்த பிரிட்டிஷ் தளபதி கில்லெஸ்பி 26 கிலோமீட்டரைக் குதிரையில் கடந்து அன்று காலையே வந்துவிட்டார். அந்தச் செய்தியைப் போக விட்டதுதான் தப்பு என்று அகழிக் கரையில் நின்று பையன்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அதற்குப் பிறகு கோட்டைக்குள் நடந்தது விளையாட்டுப் பேச்சில் சேராது. மாமாவிடம் சொன்னேன். அவர் கேட்டது: "குஞ்சத்துக்குத் தோல் யாருப்பா சப்ளை?"

இத்தனை பேர் கருத்தையும் தூக்கிச் சாப்பிட்டது என் அக்காவின் கருத்து. அக்கா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ், இடையில் டார்கெட். ஆர்க் இனத்தின் வேலையாளுக்குப் பியான் என்று பெயர். அவனைத் திரும்பத் திரும்பக் கிளிக் செய்தால் சலித்துக்கொண்டு, வேலையாக இருக்கிறேன், சும்மா விடு என்கிற மாதிரி ஏதாவது முணுமுணுப்பான். எல்லா ஊரிலும் சிரிக்கும் இடம். அக்கா சிரிக்கவில்லை. "சும்மா சும்மா வந்து எத்தினி ஜோடி முடிஞ்சுதுன்னு கேட்டா யாருக்குமே அப்படித்தான் வரும்" என்றாள். விளையாட்டில் ராத்திரி வரும்போது காட்டு மிருகங்கள்கூடத் தூங்கும். பியான் மட்டும் சுரங்கத்துக்கும் மாளிகைக்கும் நடந்துகொண்டே இருப்பான். "நைட் ஷிஃப்டுக்கு தனியா குடுக்கறானா?" என்று மகனைக் கேட்டாள். சம்பளமே கிடையாது என்றான் அவன். அன்றோடு ஆர்க் தலைமைமேல் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழம்புக்குக் கொத்தமல்லி வாங்கிவரச் சொல்லி மகனைக் கடைக்கு அனுப்பினாள். "நீ போ, நான் பாத்துக்கறேன்." எந்தப் பொத்தானை அமுக்கினால் ஆள் நிற்பான் என்பதுவரை பார்த்துப் பார்த்தே அவளுக்கு அத்துப்படி. பையன் திரும்பி வந்தபோது எலும்புக்கூட்டுப் படை வாசலில் நின்று வீட்டை இடித்துக்கொண்டிருந்தது. தங்கச் சுரங்கத்தின் வாயில் நாலு பியான்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தார்கள்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே?"

"டீ டைம்டா. பத்து நிமிஷம்."

பையன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்போதுதான் பார்த்தான், ஐந்தாவது பியான் மட்டும் தனியாக ஒரு மூலையில் மரம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"அவனை மட்டும் ஏன் நிறுத்தல?"

"அவன் காலையில லேட்டு" என்றாள் அக்கா, கொத்தமல்லியைக் கையில் வாங்கிக்கொண்டே.