ஆட்டோவுக்கு நீங்களே ஆயில் மாற்றுவது எப்படி?

இது சொந்த ஆட்டோ வைத்திருப்பவர்களுக்கான வழிகாட்டி. வாடகை வண்டி ஓட்டுபவர்கள் சிரமப்பட வேண்டாம். ஆயில் மாற்றுவது ஓனர் பாடு. இன்னும் மாற்றவில்லையே என்று அவரோடு மல்லுக்கு நிற்பது மட்டும்தான் உங்கள் பாடு.

முதலில் வண்டி டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று பாருங்கள். பழைய டூ ஸ்ட்ரோக் என்றால் கவலையே இல்லை, இன்ஜின் ஆயில் மாற்றும் வேலையே கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றிய ஆயிலை அதுவே எரித்து, பின்னால் பைக்கில் வருகிறவர் முகத்தில் புகையாக விட்டுவிடும். கியர் பெட்டி ஆயிலை மட்டும் கவனித்தால் போதும். ஃபோர் ஸ்ட்ரோக்காரர்கள் மேலே படிக்கலாம்.

எதற்கு நாமே மாற்ற வேண்டும்? 2013-ல் அரசு சென்னைக்கு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதற்குப் பிறகு பெட்ரோல், ஸ்பேர், மெக்கானிக் கூலி எல்லாம் எங்கேயோ போய்விட்டன. மீட்டர் போட்டு ஓட்டும் நாணயஸ்தர் என்றால் கூலியை மிச்சம் பிடித்தே ஆக வேண்டும். மீட்டர் போடாதவர் தாராளமாக மெக்கானிக்கிடம் விடலாம். அவரும் மீட்டர் போடுவதில்லை, கணக்கு சரியாகிவிடும்.

ஆயில் வாங்கும்போது சொந்தக்காரர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். "மாமா, என் காருக்கு வாங்குனதுல பாதி டின் மீந்து கெடக்கு, எடுத்துக்கோங்க" என்று மச்சினர் மகன் பாசத்தோடு நீட்டுவான். வாங்காதீர்கள். இந்த வண்டிகளில் பலவற்றில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்துகொண்டு வேலை செய்பவை. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் ரசாயனம் சேர்ந்திருக்கும். காருக்கு அது நல்லது. உங்கள் கிளட்ச்சோ வழுக்கும். கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. டப்பாவின் பின்பக்கம் 'ஜாஸோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று போட்டிருக்கிறதா பாருங்கள்; ஈரக் கிளட்ச்சுக்கு ஒத்துவரும் என்று அதற்கு அர்த்தம். கனம் எவ்வளவு, எத்தனை மில்லி என்பதெல்லாம் வண்டி வாங்கும்போது கொடுத்த புத்தகத்தில் இருக்கும். அந்தப் புத்தகம் ஆர்.சி.யோடு சேர்ந்து ஃபைனான்ஸ்காரரிடம் இருந்தால், ஜி.பி. ரோட்டு ஸ்பேர் கடையில் மாடலைச் சொல்லிக் கேளுங்கள். வாங்கும்போதே, ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டுக்கு ஒரு வாஷரும் கேட்டு வாங்குங்கள். சில்லறைக் காசு சமாச்சாரம். ஆயிலுக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்துவிட்டு இந்த வாஷரில் சிக்கனம் பார்த்து, பழையதையே திருப்பிப் போடுவதில் நம்மவர்களுக்கு ஒரு அலாதி திருப்தி.

சாமான் அதிகம் வேண்டாம்: போல்ட்டுக்குச் சரியான ரிங் ஸ்பேனர், அகலமான பழைய பேசின், புனல், துணி. வீட்டுப் பேசினை எடுத்தால் அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டிவரும்.

வண்டியைச் சாய்க்க வேண்டாம். ஆட்டோவைப் பக்கவாட்டில் படுக்க வைத்துத்தான் அடியில் வேலை பார்க்க வேண்டும் என்று ஸ்டாண்டில் நான்கு பேர் கையை மடித்துக்கொண்டு வருவார்கள். வேறு ரிப்பேருக்கு அது சரி. ஆயிலோ கீழ்நோக்கித்தான் இறங்கும். சாய்த்தால் ஒரு பக்கம் தேங்கி நிற்கும். பாட்டரி தண்ணீரும் பெட்ரோலும் தனியாக ஒழுகும். சென்னை ஆட்டோக்காரர் ஒருவர் இரண்டே சக்கரத்தில் 2.2 கிலோமீட்டர் ஓட்டி 2011-ல் கின்னஸில் இடம் பிடித்தார். அவர் அப்போது ஆயில் மாற்றிக்கொண்டிருக்கவில்லை.

சமதரையில் நிறுத்தி, இன்ஜினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணையுங்கள். சூட்டில் ஆயில் இளகி, அடியில் படிந்த கசடையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். வெதுவெதுப்பாக இருந்தால் போதும். ஒரு சவாரி முடித்த கையோடு போல்ட்டைத் திறந்தால் கை வெந்துவிடும்.

இப்போது பின்பக்கம் படுங்கள். இன்ஜினுக்கு அடியில் தரையைப் பார்த்தபடி ஒரு போல்ட் இருக்கும், மண்ணும் கிரீஸும் அப்பியிருப்பதால் இருப்பதே தெரியாது. துணியால் துடைத்துவிட்டு ஸ்பேனரை மாட்டுங்கள். பலர் வண்டியைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். படுத்துக்கொண்டு கீழிருந்து பார்த்தால் எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று கைக்குத் தானாகத் தெரியும். படுக்கச் சோம்பல்பட்டு, மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே திருப்பினால் திசை தலைகீழாகிவிடும். கழற்றுவதாக நினைத்து முறுக்கிக்கொண்டே இருப்பீர்கள். இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு, ஜெயிப்பது இரும்புதான். மறை போய்விட்டால் மிச்சம் பிடித்த கூலியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து லேத்துப் பட்டறையில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

போல்ட் இளகியதும் ஸ்பேனரை வைத்துவிட்டு விரலால் திருகுங்கள், மேல்நோக்கி அழுத்திக்கொண்டே. கடைசிச் சுற்று வந்ததும் சட்டென்று கையை இழுக்க வேண்டும். யாரும் இழுப்பதில்லை. ஆயில் மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வழியாக அக்குளுக்குள் போகும். போல்ட் பேசினுக்குள் விழுந்து முங்கும். பேசினை நேர் கீழே வைத்ததும் வீண். ஆயில் முதலில் சாய்வாக ஒரு அடி தள்ளிப் பாயும், வேகம் குறையக் குறைய உள்ளே நகர்ந்து வரும், கடைசியில் நூல் மாதிரி இறங்கும்போது தெருவில் ஒரு பஸ் போனால் அந்தக் காற்றுக்கு உங்கள் சட்டைப் பக்கம் திரும்பும். பேசினைப் பிடித்துக்கொண்டே கூட நகர்த்துங்கள்.

கறுப்பாக வருகிறதே என்று பதற வேண்டாம். கரியை உள்ளே ஒட்டவிடாமல் தன்னோடு சுமந்து வருவதுதான் ஆயிலின் வேலை. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றாலோ வெயிலில் மினுமினுவென்று உலோகத்தூள் தெரிந்தாலோதான் மெக்கானிக்கைத் தேட வேண்டும். ஆயுத பூஜைக்கு இன்ஜின் மூடியில் சந்தனம் குங்குமம் வைத்து விழுந்து கும்பிடுகிறவர்களில் பலர் அந்த மூடியைத் திறந்து ஆயில் பார்ப்பதே இல்லை. சாமி குத்தத்துக்கு இருக்கும் பயம் பிஸ்டன் குத்தத்துக்கு இல்லை.

சொட்டுவது நிற்கக் கால் மணி நேரம் ஆகும். இதற்குள் கூட்டம் கூடியிருக்கும்.

"இன்னா தலைவா, இன்ஜின் புட்ச்சிக்கிச்சா?"

"இல்லண்ணே, ஆயில்தான் மாத்துறேன்."

"கெரசின் ஊத்தி ஒரு கழுவு கழுவு, கண்ணாடியாட்டம் ஆயிடும்."

கழுவாதீர்கள். உள்ளே தங்கும் மண்ணெண்ணெய் புது ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஆனால் வேண்டாம் என்று வாயால் சொல்லவும் கூடாது. அண்ணன் இருபது வருஷ சர்வீஸ். "கெரசின் கிடைக்கலண்ணே" என்று சொல்லுங்கள். இன்றைக்கு அதை யாராலும் மறுக்க முடியாது.

புது வாஷரைக் கோத்து, போல்ட்டை விரலால் முடிந்தவரை ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் ஒரு பிடி பிடியுங்கள். ஃபில்டரோ வலையோ உள்ள மாடல் என்றால் அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பிறகு, சொன்ன அளவுக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, ஆயில் கீழே இறங்கும்வரை பொறுத்து அளவு பாருங்கள். டிப் ஸ்டிக் வைத்த வண்டியானால், அதைத் திருகிப் பார்ப்பதா, சும்மா செருகிப் பார்ப்பதா என்று ஸ்டாண்ட் இரண்டாகப் பிரியும். இரண்டுக்கும் அளவு வேறுபடும். புத்தகம் சொல்கிறபடிதான் பார்க்க வேண்டும். அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் போதும். டப்பாவில் மிஞ்சியதை வீணாக்க மனம் வராமல் கவிழ்த்துவிட்டால், அதிகப்படி ஆயில் காற்றுக்குழாய் வழியாக ஏறிப் புகையும், சீல் கசியும்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. 2016-ம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் அது இருக்கிறது. டப்பாவில் நிரப்பி வையுங்கள், நீங்கள் தேடிப் போக வேண்டியதே இல்லை. கட்டட மேஸ்திரி சென்ட்ரிங் பலகையில் பூசக் கேட்பார், எதிர்வீட்டுத் தாத்தா கரையானுக்குக் கேட்பார். கொடுக்காதீர்கள், இரண்டும் கடைசியில் மண்ணுக்குள்தான் போகும். மெக்கானிக் ஷெட்டில் பீப்பாய் வைத்துச் சேர்த்து, சுத்திகரிப்புக்கு எடுப்பவர்களிடம் போடுவார்கள். ஆக, கூலி கொடுக்காமல் தப்பித்த அதே மெக்கானிக்கிடம் டப்பாவும் கையுமாகப் போய் நிற்க வேண்டும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், உங்கள் சட்டையைப் பார்ப்பார்.

ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் அட்டையில் பொட்டு இல்லையென்றால் வேலை சுத்தம். கண்ணாடி ஓரத்தில் கிலோமீட்டரை எழுதுங்கள். மீட்டர் ஓடாத வண்டி என்றால் தேதியை எழுதுங்கள். என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்றும் எழுதுங்கள். அடுத்த தடவை ஸ்டாண்டில் முதல் சண்டை அதை வைத்துத்தான்.